அடைமழை நாளில் மிட்டாய் போடாத கடை: விளம்பரம் எழுதுவது பற்றி வாசகர் கேள்விகள்

விளம்பர எழுத்து பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று போன இதழில் அறிவித்திருந்தோம். கடைக்காரர்கள், கல்லூரி மாணவர்கள், வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்கள் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். நான் மதுரையில் ஓர் அச்சகத்தில் திறப்பு விழா நோட்டீஸ், ஜவுளிக்கடை நோட்டீஸ் எழுதித் தொழில் பழகியவள். அப்புறம் சென்னையில் விளம்பர ஏஜென்சி வேலை. பெரிய பிராண்டுக்கும் எழுதியிருக்கிறேன், தெருமுனைக் கடைக்கும் எழுதியிருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்துக் கேள்விகளையும் எடுத்துக்கொள்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் ஊர் மட்டும்.

கோவில்பட்டி வாசகி: குடும்பமாகக் கடலைமிட்டாய் செய்து விற்கிறோம். "தரம், சுவை, பாரம்பரியம்" என்று நோட்டீஸ் அடித்தோம். பக்கத்துக் கடை நோட்டீஸில் எங்கள் பெயரைப் போட்டாலும் வித்தியாசம் தெரியாது. புதுமையாக எழுத எனக்குக் கற்பனை போதவில்லை. என்ன செய்வது?

கற்பனை போதவில்லை என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள் சகோதரி. உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தைப் படித்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளம்பரத்துக்குச் சம்பந்தம் இல்லாத புலம்பல் என்று நினைத்து நீங்கள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பாடு கஷ்டம். காற்றில் ஈரம் இருந்தால் மிட்டாய் பிசுபிசுத்துவிடும். மழை பிடித்துக்கொண்டால் மாமனார் அடுப்பே பற்றவைக்க விடமாட்டார். கையில் ஆர்டர் இருந்தாலும் விடமாட்டார்."

உங்கள் விளம்பரம் இங்கேதான் இருக்கிறது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

அடைமழை நாளில் எங்கள் கடையில் மிட்டாய் போடுவதில்லை.
ஈரக்காற்றில் மிட்டாய் பிசுபிசுக்கும். கடித்தால் பல்லில் ஒட்டும். அதனால் மழை பிடித்தால் அடுப்பு பற்றவைப்பதில்லை, எவ்வளவு ஆர்டர் இருந்தாலும். வெயில் வந்த மறுநாள் வாருங்கள்.

கீழே கடைப் பெயர், தெரு, போன் நம்பர். அவ்வளவு போதும்.

இதில் தரம் என்ற சொல் கிடையாது, சுவை கிடையாது, பாரம்பரியமும் கிடையாது. ஆனால் படிக்கிறவர் மூன்றையும் தாமாகவே நினைத்துக்கொள்வார். வருகிற காசைக்கூட வேண்டாம் என்று ஒரு நாள் கடையைச் சும்மா வைத்திருக்கிற பெரியவரை அவர் மனசில் பார்த்துவிடுகிறார். நாம் "தரமானது" என்று சொன்னால் அவர் நம்மை நம்ப வேண்டியிருக்கிறது. அவராகவே அந்த முடிவுக்கு வந்துவிட்டால் நம்பும்படி யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

1950-களின் கடைசியில் டேவிட் ஓகில்வி ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு ஒரு விளம்பரம் எழுதினார். இந்தப் புதிய ரோல்ஸ் ராய்ஸ் மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது உள்ளே கேட்கிற பெரிய சத்தமே மின்சாரக் கடிகாரத்தின் சத்தம்தான் என்பது தலைப்பு. விளம்பர உலகில் இன்றைக்கும் பாடமாகச் சொல்லும் வரி. அந்த வரி அவர் கற்பனையில் பிறந்ததில்லை. அந்தக் காரைப் பற்றி மூன்று வாரம் உட்கார்ந்து படித்தார். தொழில்நுட்பக் கட்டுரை ஒன்றில் யாரோ எழுதிவைத்திருந்த தகவல் கண்ணில் பட்டது. அதைத் தூக்கி உச்சியில் வைத்தார். தலைப்புக்குக் கீழே இன்னும் பல தகவல்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு எஞ்சினையும் காரில் பொருத்துவதற்கு முன் ஏழு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். சக்கர அச்சில் முனகல் வருகிறதா என்று டாக்டர் வைத்துப் பார்க்கிற ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பார்கள். இவ்வளவும் அந்தத் தொழிற்சாலையில் தினமும் நடந்த காரியங்கள். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருந்திருக்காது. உங்களுக்கு உங்கள் மாமனாரின் பிடிவாதம் எரிச்சலாகத் தெரிகிற மாதிரிதான்.

அதனால் பேனாவை எடுப்பதற்கு முன் வீட்டில் இருப்பவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுங்கள். எதைக் கழித்துக் கட்டுகிறீர்கள்? எந்த வேலையை மெஷினுக்குக் கொடுக்க மறுக்கிறீர்கள், ஏன்? எந்த வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருகிறார், வந்ததும் முதலில் என்ன கேட்கிறார்? பாகு பதம் வந்துவிட்டது என்று யார் சொன்னால் இறக்குவீர்கள்? பாகைத் தண்ணீரில் விட்டு, உருட்டித் தட்டில் போட்டால் "டக்" என்று சத்தம் வர வேண்டும் என்பார்கள் இல்லையா? அந்தச் சத்தத்தைப் போனில் பத்து நொடி வீடியோ எடுத்து வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் வையுங்கள். மேலே எழுத்தே வேண்டாம்.

இன்னொன்று. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்கள் ஊருக்கே பெருமை. அதைத் தலைப்பாக வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் குறியீட்டைப் பயன்படுத்த முறைப்படி பதிவு செய்திருந்தால் அட்டையின் கீழே தாராளமாகப் போடுங்கள். தலைப்பில் வேண்டாம். ஊரில் பதிவு செய்த அத்தனை கடைக்கும் சொந்தமான பெருமை அது. உங்கள் கடைக்கு மட்டும் சொந்தமானது மழை நாளில் அணைந்திருக்கும் அடுப்பு.

சேலம் வாசகர்: ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். ஆடித் தள்ளுபடிக்கு எஃப்.எம்.-இல் 30 நொடி விளம்பரம் கொடுக்கிறோம். எல்லாக் கடையும் கத்துகிறது. நாங்களும் கத்தினால்தானே காதில் விழும்?

எல்லோரும் கத்துகிற இடத்தில் இன்னொரு கத்தல் காதில் விழாது. முதலில் கணக்கைப் பாருங்கள். 30 நொடியில் நிதானமாகப் படித்தால் தமிழில் ஐம்பது, ஐம்பத்தைந்து சொல்தான் அடங்கும். கடைப் பெயர் இரண்டு தடவை, இருக்கும் இடம் ஒரு தடவை, கடைசித் தேதி ஒரு தடவை. இதற்கே பதினைந்து சொல் போய்விடும். நீங்கள் அனுப்பியிருக்கும் ஸ்கிரிப்டில் பட்டு, காட்டன், சுடிதார், வேட்டி, குழந்தைகள் உடை, பர்ஸ் பரிசு, கார் பார்க்கிங், ஏ.சி. வசதி எல்லாம் இருக்கின்றன. அறிவிப்பாளர் மூச்சு விடாமல் ஓடத்தான் முடியும். கத்தலே அங்கிருந்துதான் வருகிறது.

ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். உங்கள் கடையில் மீட்டர் துணி நன்றாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். துணிக்கடையில் எல்லோருக்கும் தெரிந்த சத்தம் ஒன்று உண்டு: கத்தரியால் ஒரு வெட்டு வைத்து, இரண்டு கையாலும் இழுத்துக் கிழிக்கும்போது வரும் "சர்ர்" சத்தம். அதில் தொடங்கலாம்.

(துணி கிழிக்கும் சத்தம்.)
மகள்: அஞ்சு மீட்டர் எதுக்கும்மா?
அம்மா: உனக்கு ரெண்டு, தங்கச்சிக்கு ரெண்டு.
மகள்: மீதி ஒண்ணு?
அம்மா: தெரியலடி. விலையைச் சொன்னாங்க, கிழிங்கன்னுட்டேன்.
(மறுபடியும் துணி கிழிக்கும் சத்தம்.)

பிறகு நிதானமான குரலில் கடைப் பெயர், இடம், தேதி, மறுபடி கடைப் பெயர். மீதி நேரம் இருந்தால் அமைதியாக விடுங்கள். ரேடியோவில் இரண்டு நொடி அமைதி வந்தால் பாத்திரம் கழுவுகிறவரும் நிமிர்ந்து பார்ப்பார்.

கூட்டமான மாதம் உங்களுடையது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் எல்லாம் வருவார்கள். பஸ்ஸில் பாதி காதில் விழுந்தும் விழாமலும் கேட்பார்கள். அதனால் கடை எந்த ஸ்டாப்புக்குப் பக்கம் என்று சொல்லுங்கள், கதவு எண் வேண்டாம்.

ரேடியோவில் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு ஜெயித்ததற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களிடம் கோபால் பல்பொடி என்று சொல்லிப் பாருங்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நாடுகளின் பெயரை அடுக்கிவிடுவார்கள். அந்தப் பொடியில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. கடல் தாண்டிப் போன பல்பொடி என்பது மட்டும் இத்தனை வருஷம் கழித்தும் நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. உங்கள் ஸ்கிரிப்டில் "50 சதவீதம்" உரக்கவும் "வரை" முணுமுணுப்பாகவும் வருகிறது. தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய அரசு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில், இழுப்பதற்காக மட்டும் ஒரு விலையைச் சொல்லிவிட்டுப் போதிய சரக்கு வைக்காமல் இருப்பது தவறு என்று இருக்கிறது. எந்தத் துணிக்கு 50 சதவீதமோ அதன் பெயரைச் சொல்லிவிடுங்கள். கேட்கிறவருக்கும் அதுதான் உபயோகம்.

சென்னை வாசகர்: விளம்பரங்களைத் தமிழாக்கும் வேலையில் இருக்கிறேன். இந்தியில் நன்றாக இருக்கும் விளம்பரம் தமிழில் வந்ததும் செத்துவிடுகிறது. வாயசைவுக்குச் சொல் தேடியே நாள் போகிறது. இதில் படைப்புக்கு இடம் உண்டா?

உண்டு. இந்த வேலை எனக்கு மிகவும் நெருக்கமானது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மும்பையிலிருந்து படம் வரும். கூடவே இந்தி ஸ்கிரிப்ட், சில சமயம் அதன் ஆங்கில வடிவம். நாளைக் காலை டப்பிங் என்பார்கள். நாம் ஸ்கிரிப்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக மாற்றத் தொடங்குவோம். "அம்மா, உங்கள் சருமத்தின் பொலிவுக்கு என்ன காரணம்?" என்று பத்து வயசுப் பெண் கேட்பாள். தமிழ்நாட்டில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை இப்படிக் கேட்டிருக்கிறது? வாயசைவு சரியாக இருக்கும். வாய்தான் யாருடையது என்று தெரியாது.

நான் செய்வது இது. ஸ்கிரிப்டைத் திறக்காமல் முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பேன். இவர்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? மாமியார் மருமகளா, நாத்தனாரா, பக்கத்து வீட்டு அக்காவா? யார் யாருக்குப் பயப்படுகிறார்கள்? பிறகு அவர்களை ஓர் ஊரில் குடிவைப்பேன். திருநெல்வேலி மருமகள் மாமியாரிடம் பேசுகிற விதம் வேறு, கோயம்புத்தூர் மருமகள் "சொல்லுங்க அத்தை" என்கிற விதம் வேறு. ஊர் வழக்கு அப்படியே படத்தில் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எழுதுகிற நமக்கு அவர்கள் எந்த ஊர் என்று தெரிந்திருந்தால் போதும், பேச்சு தானாக நேராகிவிடும். அதற்கப்புறம்தான் ஸ்கிரிப்ட், அதற்கும் அப்புறம் வாயசைவு.

வாயசைவில் ஒரு தொழில் சமாசாரம். பேசுகிறவர் முகம் நெருக்கத்தில் தெரியும் ஷாட் எது, முதுகு காட்டும் ஷாட் எது என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். முகம் நெருக்கத்தில் இருக்கும்போதுகூட உதடு ஒட்டுகிற இடங்கள்தான் கண்ணில் உறுத்தும்: ப, ம. அந்த இடத்தில் அந்த எழுத்து விழுந்துவிட்டால் மற்றதைக் கண் மன்னித்துவிடும். முதுகு காட்டும் ஷாட்டில் முழு சுதந்திரம். விடுபட்ட விஷயத்தை அங்கே சொல்லிக்கொள்ளலாம்.

யார் பேசுகிறார் என்று தெரிவதுதான் எல்லாம். "பேஷ், பேஷ்! ரொம்ப நன்னா இருக்கு" என்ற நரசுஸ் காபி விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காபிக்கொட்டை எங்கே விளைந்தது, எப்படி வறுத்தது, ஒன்றும் இல்லை. ஆனால் பேசுகிறவரின் வயசு, பழக்கம், கையில் இருக்கிற டபரா டம்ளர் வரைக்கும் தெரிகிறது. சும்மா சும்மா பாராட்டுகிற ஆள் இல்லை அவர் என்பதும் தெரிகிறது. ஹார்லிக்ஸ் விளம்பரத்தில் குழந்தை சொன்ன "அப்படியே சாப்பிடுவேன்" என்பதும் அப்படித்தான். அம்மாவுக்குத் தெரியாமல் பாட்டிலில் கரண்டி விட்ட ஒவ்வொரு பிள்ளையும் அதில் இருந்தது. இப்படி ஒரு வரி உங்களுக்குக் கிடைத்துவிட்டால், மூலத்தில் இருக்கிற வரியை விட்டுவிட அனுமதி கேட்டுச் சண்டை போடுங்கள். நான் போட்டிருக்கிறேன். பாதி நேரம் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் தமிழ்நாட்டில் சரக்கு விற்க வேண்டும் என்ற அக்கறை அவர்களுக்கும் இருக்கிறது.

சில படங்களுக்கு நீங்கள் தேவையே இல்லை. பாலைவன ரோட்டில் கூரை வரை ஆள் தொங்க ஒரு பஸ் குலுங்கிக் குலுங்கிப் போகும். ஒருத்தரும் கீழே விழமாட்டார்கள். பஸ்ஸின் பின்பக்கம் ஃபெவிகால் பசையின் விளம்பரப் பலகை. அந்தப் படத்துக்குத் தமிழாக்கம் எதற்கு?

நாகர்கோவில் வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: விளம்பரம் என்பதே பொய்க்கு அலங்காரம். அதில் படைப்பாற்றல் வேறா? மாணவர்களை இந்தப் பக்கம் இழுக்காதீர்கள்.

ஐயா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பொய் விளம்பரம் எனக்கும் ஆகாது. சர்க்கரை நோயை அடியோடு போக்கும் என்று ஒரு மூலிகைப் பொடிக்கு எழுதச் சொல்லி என்னிடமும் வந்திருக்கிறார்கள். முடியாது என்று திருப்பி அனுப்பினேன். அப்படி எழுதுவது குற்றம். 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதற்கென்றே இருக்கிறது. சர்க்கரை நோய், புற்றுநோய், உடல் பருமன் என்று ஒரு நீண்ட பட்டியல் போட்டு, இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யவே கூடாது என்கிறது. உயரத்தைக் கூட்டுகிறோம் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை. நடித்துக் கொடுத்த பிரபலத்துக்கும் அது பொருந்தும். விளம்பரத் துறையே தனக்கு வைத்துக்கொண்ட தர அமைப்பு 1985 முதல் இருக்கிறது. பொய் என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் புகார் அனுப்பலாம். நீங்களும் அனுப்புங்கள், உங்கள் மாணவர்களையும் அனுப்பச் சொல்லுங்கள்.

ஆனால் விளம்பரம் என்பதே பொய் என்பதை நான் ஏற்கவில்லை. இந்தத் தொழிலில் நான் மதிக்கிற வேலைகளில் பலவும் உண்மையைச் சொல்லத் துணிந்தவை. 1960-இல் அமெரிக்காவில் வோக்ஸ்வாகன் காருக்கு ஜூலியன் கோனிக் எழுதிய விளம்பரம் ஒன்று: கார் படம், கீழே "எலுமிச்சை" என்று ஒரே சொல். பழுதான காரை அந்த ஊரில் அப்படித்தான் திட்டுவார்கள். சொந்தச் சரக்கைத் தானே திட்டும் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கீழே படிக்காமல் போக முடியுமா? படித்தால் விஷயம் இது: அந்தக் காரின் உள்பெட்டி மூடியில் இருந்த குரோமியப் பட்டையில் ஒரு சிறு கறை. அதற்காக அந்தக் காரை அனுப்பாமல் நிறுத்திவிட்டார்கள். வோல்ஃப்ஸ்பர்க் ஆலையில் சோதனைக்கென்றே 3,389 பேர் இருக்கிறார்கள் என்று தொடர்ந்தது. துணிச்சல் தலைப்பில் இருந்தது, அதைத் தாங்கிப் பிடிக்க உண்மை கீழே இருந்தது. அந்தக் கறையைக் கண்டுபிடித்தவர் இல்லாவிட்டால் கோனிக்கால் அதை எழுதியிருக்கவே முடியாது.

மாணவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டும் ஐயா. இல்லை என்றால் மூலிகைப் பொடிக்காரர்களுக்கு மட்டும்தான் எழுத ஆள் இருப்பார்கள்.

திருச்சி மாணவர்: ஏ.ஐ. ஒரு நொடியில் இருபது விளம்பர வாசகம் தருகிறது. இனி காப்பிரைட்டர், அதாவது விளம்பரம் எழுதுகிறவர், வேலைக்கு நான் படிப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

தம்பி, அந்த இருபதையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள். கடலைமிட்டாய் விளம்பரம் கேட்டிருந்தாயானால் அதில் பாரம்பரியச் சுவை இருக்கும், பாட்டியின் கைப்பக்குவம் இருக்கும், ஒவ்வொரு கடியிலும் ஏதோ ஒன்று இருக்கும். ஏற்கெனவே எல்லோரும் எழுதியதிலிருந்து வருவது அது. கோவில்பட்டியில் ஒரு மாமனார் மழை நாளில் அடுப்பு பற்றவைக்க விடமாட்டார் என்பது அதற்கு எப்படித் தெரியும்? யாராவது போய்க் கேட்டு வந்து சொன்னால்தான் தெரியும். அந்த யாராவது நீயாக இருக்க முடியும்.

அந்த இருபதும் இனி நீ எழுதக் கூடாதவற்றின் பட்டியல் என்று வைத்துக்கொண்டால் உபயோகமாக இருக்கும். நானும் அப்படித்தான் பயன்படுத்துகிறேன். பழைய ஏஜென்சிகளில் முதலில் தோன்றுகிற வரிகளை எல்லாம் எழுதிக் கிழித்துப் போடச் சொல்வார்கள். அந்த வேலை மிச்சம்.

வேலை கேட்கும்போது காட்டுகிற போர்ட்ஃபோலியோவில் பெரிய கார், பெரிய செருப்பு பிராண்டுக்குக் கற்பனை விளம்பரம் வைக்காதே. உன் தெருவில் சைக்கிள் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் எழுது. எழுதியதைக் கடையில் ஒட்டச் சொல். ஒட்டிய பிறகு நாலு பேர் அதிகமாக வந்தார்களா என்று கடைக்காரரிடம் கேட்டு அதையும் சேர்த்து வை. வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

கடலூர் வாசகி: ஹேர் ஆயில் தயாரிக்கிறேன். விளம்பரத்துக்குப் பணம் கிடையாது. பணம் இல்லாமல் என்ன புதுமை செய்துவிட முடியும்?

உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. 1983-இல் சி.கே. ரங்கநாதன் கடலூரில் சிக் ஷாம்பு தொடங்கியபோது அவரிடமும் பெரிய பணம் கிடையாது. சாஷேயில், அதாவது சின்ன பாக்கெட்டில், ஷாம்பு விற்கிற யோசனை அவருடைய அப்பா சின்னி கிருஷ்ணன் காலத்தது. மகன் அதைக் கிராமத்துக்குக் கொண்டுபோனார். ஒரு பையனை நிறுத்தி, ஊர் முன்னால் தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். எந்த பிராண்டானாலும் சரி, ஐந்து காலி சாஷே கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்றார்கள். கொஞ்ச நாள் கழித்து, சிக் காலி சாஷே மட்டும்தான் வாங்குவோம் என்று மாற்றினார்கள். முதல் கட்டத்தில் அடுத்தவர் வாடிக்கையாளர் வந்தார், இரண்டாம் கட்டத்தில் அவர் தங்கிவிட்டார். எவ்வளவு யோசித்துச் செய்த வேலை பாருங்கள்! ஒரு வாசகம்கூட எழுதாமல் செய்த விளம்பரம்.

உங்களுக்கு நான் சொல்வது: எண்ணெயைப் பாட்டிலில் மட்டும் வைக்காதீர்கள். உங்கள் தெருவில் பூக்கட்டுகிற அம்மாவிடம் கேட்டு, பூ வாங்குகிறவர்களுக்கு ஒரு தலைக்குப் போதுமான சின்ன பாக்கெட் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். பூ வைக்கப் போகிறவர் எண்ணெய் வைக்கப் போகிறவரும்தானே. முடி கொட்டுவது நிற்கும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மணம், பிசுக்கு இல்லாமை, என்னென்ன போட்டுக் காய்ச்சினீர்கள் என்பது போதும்.

விருதுநகர் வாசகர்: ஐடியா வரவே இல்லை என்றால் என்ன செய்வீர்கள்?

எழுந்து வெளியே போவேன். வாங்குகிறவர் இருக்கும் இடத்துக்கு.

லிரில் சோப்புக்கு 1975-இல் வந்த அருவிப் படம் எல்லோருக்கும் தெரியும். கொடைக்கானலில் எடுத்தது; அந்த அருவியையே லிரில் அருவி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அந்த விளம்பரத்தை உருவாக்கிய அலீக் பதம்சீ அதன் பின்கதையைப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்: பெண்களிடம் பேசிப் பார்த்தபோது, வீட்டு வேலைக்கு நடுவில் தங்களுக்கென்று கிடைப்பது குளிக்கிற அந்தப் பத்து நிமிஷம்தான் என்று தெரிந்ததாம். குளியலறைக் கதவைச் சாத்திய பிறகு அந்தப் பெண் மனசில் எங்கே போகிறாள் என்பதுதான் அந்த அருவி. சோப்பைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தால் நுரையும் வாசனையும் கிடைத்திருக்கும்.

தஞ்சாவூர் வாசகி: வீட்டு முன்னறையில் தையல் கடை போடுகிறேன். போர்டில் என்ன எழுதுவது?

போர்டு என்றால் சைக்கிளில் போகிறவர் தலையைத் திருப்பிப் படித்து முடிக்க வேண்டும். ஐந்தாறு சொல். பெயரும் "தையலகம்" என்பதும் அதில் இரண்டைத் தின்றுவிடும். மிச்சத்துக்கு நீங்கள் எதில் கெட்டி என்று எனக்குத் தெரிய வேண்டும். அவசர வேலை எடுப்பீர்களா, சொன்ன தேதியில் கொடுப்பீர்களா, பழைய ரவிக்கையைப் பிரித்து அளவு கூட்டித் தைப்பீர்களா? சொன்ன தேதியில் கொடுப்பவர் என்றால் "வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமைதான்" என்று எழுதி, கீழே பெயரைப் போடுங்கள். பழைய துணிக்கு உயிர் கொடுப்பவர் என்றால் வேறு எழுத வேண்டும். எது என்று எழுதுங்கள். கூடவே கடை முகப்பின் அகலம், போர்டைத் தூரத்திலிருந்து மறைக்கிற மரமோ கம்பமோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். அடுத்த இதழில் முடித்துத் தருகிறேன்.